ஆமாம், மேலும்

அந்த ஆஸ்பத்திரியில் யாரும் தனியாக யோசிப்பதில்லை. கடைசியாகத் தனியாக யோசித்தவர் ஒரு கம்பவுண்டர். மருந்துக் கவுன்டரின் ஜன்னல் ரொம்ப உயரத்தில் இருக்கிறது, வயசானவர்களுக்கு எட்டவில்லை, கீழே ஒரு பலகையைப் போடலாமே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் பலகையையும் போட்டுவிட்டார். கூப்பிட்டு விசாரித்தார்கள். இந்த யோசனை எந்தக் கூட்டத்தில் உதித்தது, எத்தனை பேர் நட்சத்திரம் போட்டார்கள், எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று கேட்டதற்கு, எட்டவில்லை, அதனால் போட்டேன் என்றுதான் மனுஷன் சொன்னார். பலகையை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார்கள். கம்பவுண்டரைப் பிணவறைக்கு மாற்றினார்கள். அங்கே யாருக்கும் எதுவும் எட்ட வேண்டிய அவசியம் இல்லை.

யோசிப்பதற்கென்றே மூன்றாவது மாடியில் ஒரு கூடம் இருக்கிறது. முன்பு அது குழந்தைகள் வார்டாக இருந்தது. சுவரில் வரைந்த முயலும் யானையும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. முயலைப் பார்த்துக்கொண்டிருந்தால் யோசனை நன்றாக வரும் என்று கம்ப்யூட்டர் விற்ற கம்பெனி சொன்னதால் வெள்ளையடிக்காமல் விட்டுவிட்டார்கள். நடுவில் வட்டமாகப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். ஆளுக்கு ஒன்று. எதிரெதிரே, மூச்சுக் காற்று படுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. வாயால் பேசினால் பெரியவர்கள் சொல்வது எடுபடும், சின்னவர்கள் சொல்வது அடிபடும் என்பதால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். தட்டியது யார் என்று தெரியாமல் அது சுவரில் ஓடும். எல்லாரும் சமம். பெரிய டாக்டர் மட்டும் ஒற்றை விரலால் ஆணி அடிப்பதுபோலத் தட்டுவார். அந்தச் சத்தம் நின்றதும் சுவரில் எது வருகிறதோ அதற்கு எல்லாரும் உடனே நட்சத்திரம் போட்டுவிடுவார்கள். மற்றபடி சமத்துவத்துக்கு ஒரு குறையும் கிடையாது.

இன்னொரு விதியும் உண்டு. யார் சொன்னதையும் யாரும் குறை சொல்லக் கூடாது. குறை சொன்னால் யோசனை வாடிவிடுமாம். அதனால் ஒவ்வொரு வரியையும் கம்ப்யூட்டரே 'ஆமாம், மேலும்' என்று ஆரம்பித்துக் கொடுத்துவிடும், மிச்சத்தை நாம் தட்டினால் போதும். இல்லை, முடியாது, கூடாது, ஏன் என்ற நாலு வார்த்தைகளை மட்டும் அது வாங்காது. தட்டினால் சிவந்துபோய் ஒரு சத்தம் போடும். இந்த ஏற்பாட்டைக் கவனித்துக்கொள்ள கம்பெனி ஒரு ஆளையும் சேர்த்தே அனுப்பியிருந்தது. அவருடைய பதவிக்குப் பெயர் சிந்தனை நெறியாளர். நர்சுகள் அவருக்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி.

பன்னிரண்டில் ஒரு நாற்காலி பொதுமக்கள் பிரதிநிதிக்கு. அதில் வழக்கமாக ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் வந்து உட்காருவார். அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை. இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் என்பதால் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பன்னிரண்டு நாற்காலியும் நிறையாமல் கம்ப்யூட்டர் திறக்காது. அதனால் ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் நிலைய அதிகாரி ஆள் பிடிக்கக் கீழே இறங்கி வந்தார்.

கீழே வெளிநோயாளிகள் வரிசை கூடத்தை நிறைத்துவிட்டு, மருந்துக் கவுன்டரைச் சுற்றி வந்து, வெளிவாசல் வரைக்கும் போயிருந்தது. வரிசையின் நடுவே ஒரு பெஞ்சில் ஒரு தையற்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். விடியும்போதே இடது கை வலிக்கிறது என்றாள். வாயுவாகத்தான் இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டு ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்து முடித்தாள். அப்புறம் ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வியர்த்துக் கொட்டியதும் தையற்காரர் பயந்துபோய் மச்சினனைக் கூப்பிட்டார். மச்சினன் தன்னுடைய சரக்கு வண்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தான். கவுன்டரில் டோக்கன் கொடுத்தார்கள். டாக்டர்களின் அறைக் கதவு சாத்தியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த, காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர் தன்னுடைய இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

நிலைய அதிகாரி வரிசையை ஒரு பார்வை பார்த்தார். நோயாளியாக இருக்கக் கூடாது, நடுவில் இருமுவார்கள். அழுக்காக இருக்கக் கூடாது, கடைசியில் போட்டோ எடுப்பார்கள். தையற்காரரின் சட்டை அவர் கண்ணில் பட்டது. கையால் தைத்த சட்டை, கச்சிதமாக இருந்தது.

"நீங்க பேஷண்டா?"

"இல்ல சார். சம்சாரத்துக்குத்தான் முடியல. மூச்சு வாங்குது. கொஞ்சம் சீக்கிரமாப் பாக்கச் சொல்லி..."

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

"எட்டாவது வரைக்கும் சார். போன்ல தமிழ்ல தட்டுவேன்."

"அது போதும். மேல ஒரு மீட்டிங். பொதுமக்கள் சார்பா ஒருத்தர் வேணும். சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"இவளை விட்டுட்டு எப்படி சார்?"

"அட, நீங்க வந்தாத்தான் சார் உங்களுக்கு நல்லது. பயிற்சி டாக்டர் ஒருத்தர் கீழ இருக்காரு. உங்க சம்சாரத்த முதல் ஆளாப் பாக்கச் சொல்லிடறேன். இந்த வரிசையில நின்னா சாயந்தரம் ஆயிடும்."

தையற்காரர் மனைவியைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்களேன்," என்றாள் அவள். "முதல்ல கூப்பிடுவாங்கன்னா நல்லதுதானே? இங்க நின்னு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா மட்டும் வலி போயிடுமா? தம்பிதான் கூட இருக்கானே."

"வலி எப்படி இருக்கு?"

"அது இருக்கு. நீங்க மேல் பட்டனப் போடுங்க. பெரியவங்க இருக்கிற எடம்."

அவரே போட்டுக்கொண்டிருக்கலாம். அவள்தான் எட்டிப் போட்டுவிட்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"நீங்க போங்க மாமா, நான் பாத்துக்கறேன். ஏதாவதுன்னா போன் அடிக்கிறேன்," என்றான் மச்சினன்.

மூன்றாவது மாடியில் கூடத்தின் கதவுக்கு வெளியே 'யோசனை நடக்கிறது, அமைதி' என்று ஒரு பலகை தொங்கியது. அதன் கீழே ஒரு காவலாளி நின்றுகொண்டு அமைதியைக் காத்தான். உள்ளே போகும்போதே ஆமாஞ்சாமி ஒரு தட்டை நீட்டினார். எல்லாருடைய போனும் அதில் கிடந்தது.

"சார், என் சம்சாரம் கீழ..."

"கவலைய வெளிய விட்டாத்தான் சார் யோசனை உள்ள வரும்," என்றார் ஆமாஞ்சாமி. தையற்காரர் போனைத் தட்டில் வைத்தார்.

உள்ளே ஏசி ஜில்லென்று இருந்தது, மெல்லிய இசை ஓடிக்கொண்டிருந்தது. பதினோராவது நாற்காலி காலியாக இருப்பதை அப்போதுதான் கவனித்தார்கள். கண் டாக்டர் லீவாம். நிலைய அதிகாரி மறுபடி கீழே ஓடி, தூக்கம் கெட்ட கண்களோடு ஓர் இளைஞரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அவர் தையற்காரருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் தையல் பிரிந்து தொங்கியது. ஊசி நூல் இருந்தால் நாலு தையல் போட்டுக் கொடுத்துவிடலாமே என்று தையற்காரருக்குக் கை பரபரத்தது. வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

நாற்காலிகள் நிறைந்துவிட்டன, கம்ப்யூட்டர்கள் திறந்துகொண்டன. சுவரில் கொட்டை எழுத்தில் தலைப்பு வந்தது: 'வெளிநோயாளிகள் வரிசையை எப்படிக் குறைக்கலாம்?' அதற்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஓர் எண். கீழே கவுன்டரில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்கள் இப்போது எத்தனை பேர் என்பது அப்படியே மேலே தெரியும்படி செய்திருந்தார்கள். எண் 214 என்று இருந்தது.

பெரிய டாக்டர் எழுந்தார். தொடக்க உரைக்கு மட்டும் வாயைப் பயன்படுத்த அனுமதி உண்டு.

"ஒரு காலத்துல இந்த ஆஸ்பத்திரில வைத்தியம் மட்டும்தான் நடந்துக்கிட்டிருந்துது," என்றார். "காலையில வந்து உக்காந்தா பேஷண்ட், பேஷண்ட், பேஷண்ட். நிமிந்து பாக்க நேரம் கிடையாது. அந்த நிலைமைய இன்னைக்கு நாம மாத்திக் காட்டியிருக்கோம். போன வருஷம் இந்தக் கூடத்துல உதிச்ச யோசனைங்க, வந்த பேஷண்டுங்கள விட அதிகம். இதுல எத்தனைய நிறைவேத்தினீங்கன்னு சிலபேர் கேக்கறாங்க. நிறைவேத்திட்டா அந்த யோசனை தீந்து போயிடும். நாம சேத்து வெச்சிருக்கோம். ஆனா நாளைக்கு நல்ல ஆஸ்பத்திரிக்கு விருது கொடுக்கிற குழு வருது. அவங்களுக்கு வரிசை குறைஞ்சிருக்கணும். அதனால இன்னைக்கு மட்டும், இங்க உதிக்கிறத உடனுக்குடன் நிறைவேத்தப் போறோம். நிலைய அதிகாரி கிட்ட மட்டும் ஒரு போன் இருக்கும். இங்க முடிவானதும் அங்க நடக்கும். டாக்டர்கள் எல்லாரும் ஒருத்தர் விடாம வந்திருக்கீங்க. வரிசையக் குறைக்கிறதுல நமக்கு இருக்கிற அக்கறைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

எல்லாரும் தட்ட ஆரம்பித்தார்கள். சுவரில் வரிகள் மளமளவென்று ஓடின.

'ஆமாம், மேலும், வரிசை என்ற சொல்லுக்குப் பதிலாக வேறு நல்ல சொல்லைப் பயன்படுத்தலாம்.'

'ஆமாம், மேலும், அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு கூட்டம் கூட்டலாம்.'

'ஆமாம், மேலும், பெஞ்சுகளை எடுத்துவிடலாம். உட்கார இடம் இருப்பதால்தான் வருகிறார்கள்.'

'ஆமாம், மேலும், மெல்லிய இசை.'

தையற்காரர் தட்டினார்: 'என் மனைவிக்கு உடம்பு சரியில்லை.' கம்ப்யூட்டர் சிவந்து கத்தியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாஞ்சாமி விரல் நுனியில் நடந்து வந்து அவர் காதில் சொன்னார்:

"இல்லைங்கிறது இங்க வேணாம் சார். நல்லவிதமாச் சொல்லுங்க."

தையற்காரர் வெகுநேரம் யோசித்தார். கீழே நாலு பக்கமும் டாக்டர்கள் இல்லாமல் ஜனங்கள் தவிப்பதையும், இங்கே டாக்டர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்ததில் அவருக்கு ஒன்று தோன்றியது. பன்னிரண்டு பேரில் யாருக்கு வேண்டுமானாலும் தோன்றக்கூடியதுதான். மற்ற பதினோரு பேருக்கும் இது பழகிய இடம்.

'ஆமாம், மேலும், டாக்டர்கள் கீழே போகலாம்.'

அதைக் கம்ப்யூட்டர் கத்தாமல் வாங்கிக்கொண்டது. ஒத்த யோசனைகளை ஒன்றாகக் கட்டி வைப்பது அதன் வேலை. இந்த யோசனையை 'போக்குவரத்து' என்ற கட்டில் போட்டது. உடனே அதன் மேல் மற்றவர்கள் அடுக்க ஆரம்பித்தார்கள்.

'ஆமாம், மேலும், கீழே போவதற்கு டாக்டர்களுக்கென்று தனி லிஃப்ட் வேண்டும்.'

'ஆமாம், மேலும், லிஃப்டிலிருந்து இறங்கியதும் பேட்டரி கார்.'

'ஆமாம், மேலும், காருக்கு ஷெட்.'

பெரிய டாக்டரின் விரல் ஆணி அடித்து ஓய்ந்தது. 'ஆமாம், மேலும், ஷெட்டுக்கு அடிக்கல் நாட்டு விழா.' நட்சத்திரங்கள் கொட்டின. அடியில் தையற்காரர் எழுதிய வரி இருந்ததால் எல்லா நட்சத்திரமும் அந்தக் கட்டுக்கே சேர்ந்து அது சுவரின் உச்சிக்கு ஏறியது. தான் எழுதியது சுவரில் அவ்வளவு பெரிதாக மின்னுவதைத் தையற்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். அவர் தைத்துக் கொடுத்ததை ஊரே உடுத்தியிருக்கிறது, ஒருத்தரும் ஒரு நட்சத்திரம் போட்டது கிடையாது. முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார்ந்தார்.

அப்போது தட்டில் ஒரு போன் கிர்ரென்று முனகியது. நின்றது. மறுபடி முனகியது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று தையற்காரருக்குப் பட்டது. ஆனால் எல்லா போனும் ஒரே மாதிரிதான் முனகும், அங்கே கிடந்ததெல்லாம் பெரிய மனிதர்களின் போன். ஆமாஞ்சாமி முகம் சுளிக்காமல் போய், பழைய வார்டில் மிச்சமாகிக் கிடந்த குழந்தைத் தலையணை ஒன்றை எடுத்துத் தட்டின் மேல் வைத்து அழுத்தினார். சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே யாரோ உரத்துப் பேசுகிற சத்தமும், காவலாளி அதட்டுகிற சத்தமும் கேட்டன. ஆமாஞ்சாமி மெல்லிய இசையைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

சுவரில் 214 மறைந்து 213 வந்தது.

எல்லாரும் தட்டுவதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். ஆமாஞ்சாமியால் தாங்க முடியாமல் அவரே விதியை மீறி வாய்விட்டுப் பேசிவிட்டார்.

"பாத்தீங்களா! இன்னும் ஒண்ணுமே செய்ய ஆரம்பிக்கலயே! யோசிச்சதுக்கே ஒண்ணு குறைஞ்சிருக்கே! எந்த யோசனை மேல இருக்கும்போது குறைஞ்சிதோ, அந்த யோசனைக்குத்தான் இந்தப் பெருமை. 'டாக்டர்கள் கீழே போகலாம்!' இத எழுதினவர் யாருன்னு நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். யாரா இருந்தாலும் அவருக்கு ஒரு கைதட்டு!"

கைதட்டல் கூரையை முட்டியது. தையற்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. யோசனைக்காக அல்ல. குறைந்த அந்த ஒன்று யார் என்று அந்தக் கூடத்தில் அவருக்கு மட்டும்தானே தெரியும்? முதல் ஆளாகப் பார்க்கச் சொல்கிறேன் என்று நிலைய அதிகாரி சொன்னாரே! சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாரே! அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் நிலைய அதிகாரியைத் தேடிப் பார்த்தார். நிலைய அதிகாரி எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், அவரையும் பார்த்துச் சிரித்தார். தையற்காரர் கண் கலங்கக் கைதட்டினார். மற்றவர்கள் ஓய்ந்து வேலையைப் பார்க்கத் திரும்பிய பிறகும் அவர் கை ஓயவில்லை. ஆமாஞ்சாமி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார்.

அதற்கப்புறம் அவர் கவலை விட்டுப்போய் நிம்மதியாக யோசிக்க ஆரம்பித்தார்.

முதலில் பெஞ்சுகளை எடுத்தார்கள். நிலைய அதிகாரி ஒரு போன் செய்தார், கீழே இரும்பு பெஞ்சுகளைத் தரதரவென்று இழுக்கிற சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டது. நிற்க முடியாத சிலர் வரிசையை விட்டு வெளியே போய்த் தரையில் உட்கார, அவர்களுடைய டோக்கனை ரத்து செய்தார்கள். எண் இறங்கியது. அப்புறம் ஒரு குடும்பத்துக்கு ஒரு நோயாளிதான் என்று முடிவானது. யார் நோயாளி என்பதை அந்தந்தக் குடும்பமே பேசி முடிவு செய்துகொள்ளலாம், அதில் ஆஸ்பத்திரி தலையிடாது. அம்மாவா பிள்ளையா என்று கீழே ஒரு குடும்பத்தில் சண்டை வந்துவிட்டதாக நிலைய அதிகாரி தகவல் சொன்னார். 'ஆமாம், மேலும், குடும்ப ஆலோசனை மையம் ஒன்று திறக்கலாம்' என்று யாரோ தட்டினார்கள்.

எலும்பு டாக்டருக்கு அலுப்புத் தட்டிவிட்டது. இதுவரை நடந்த கூட்டங்களில் ஒரு நட்சத்திரம்கூட வாங்காதவர் அவர். எரிச்சலில், கிண்டலாக, இவர்களுக்கு உறைக்கட்டும் என்று ஒரு வரி தட்டினார்: 'ஆமாம், மேலும், இவ்வளவு நேரம் காத்திருக்க முடிகிறவர்களுக்கு அவசரமான வியாதி எதுவும் இருக்க வாய்ப்பு குறைவு. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.'

கிண்டல் என்று ஒரு கட்டு அந்தக் கம்ப்யூட்டரில் கிடையாது. அது இதை 'மருத்துவ அறிவியல்' என்ற கட்டில் போட்டது. யாரும் அதைக் குறை சொல்ல முடியாது, சொல்ல வார்த்தையும் கிடையாது. ஆனால் மேலே அடுக்கலாம். 'ஆமாம், மேலும், காத்திருப்பதையே ஒரு பரிசோதனையாக வைக்கலாம்.' 'ஆமாம், மேலும், காத்திருந்து தேறியவர்களுக்குச் சான்றிதழ்.' 'ஆமாம், மேலும், தேறாதவர்கள் தானாகவே வரிசையில் குறைந்துவிடுவார்கள்.' நட்சத்திரங்கள் மளமளவென்று விழுவதைப் பார்த்து எலும்பு டாக்டர் முதலில் விரலைக் கீபோர்டிலிருந்து எடுத்துக்கொண்டார். நட்சத்திரம் போடாமல் இருந்தால் எழுதியது தான்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து அவரும் ஒன்று போட்டார். போட்டுவிட்டு மறுபடி படித்துப் பார்த்தபோது அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

எண் சடசடவென்று இறங்கியது. ஆனால் அனுப்பியவர்கள் வெளிவாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து புது டோக்கன் கேட்கிறார்கள் என்று கீழேயிருந்து தகவல் வந்தது. எண் மறுபடி ஏறத் தொடங்கியது. கூடத்தில் எல்லார் முகமும் வாடிப்போனது. பெரிய டாக்டர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டுவதற்கு ஒன்றும் அகப்படாமல் முயலைப் பார்த்தார்.

தையற்காரருக்குப் பொறுக்கவில்லை. நம்மை நம்பி நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், சொன்ன வாக்கைக் காப்பாற்றி மனைவிக்கு வைத்தியமும் பார்க்கிறார்கள், கைமாறாக ஏதாவது செய்ய வேண்டாமா? பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் யூனிஃபார்ம் தைக்கச் சொல்லிக் கடையில் கூட்டம் நெரியும். அப்போது அவர் ஒரு காரியம் செய்வார்.

'ஆமாம், மேலும், எங்கள் கடையில் கூட்டம் அதிகமானால் ஷட்டரை இறக்கிவிடுவோம். உள்ளே இருப்பவர்களை மட்டும் கவனிப்போம்.'

பெரிய டாக்டரே முதல் நட்சத்திரத்தைப் போட்டார்.

கடைசியில் ஓட்டெடுப்பு. வெளிவாசல் கேட்டை மூடுவது, உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்புவது, மறு உத்தரவு வரும்வரை யாருக்காகவும் திறக்காமல் வைப்பது. எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால்தான் செல்லும். ஒவ்வொருவர் திரையிலும் இரண்டு பட்டன்கள் வந்தன. ஒன்று 'உடன்படுகிறேன்', இன்னொன்று 'மனமார உடன்படுகிறேன்'.

தையற்காரர் ஷட்டரை இறக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு அளவெடுத்து அனுப்புவார். இங்கே உள்ளே இருப்பவர்களையும் அனுப்பச் சொல்கிறார்களே என்று ஒரு நெருடல். காலில் கட்டோடு நின்ற அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். மூன்றாவதாக ஒரு பட்டன் இருக்கிறதா என்று திரையின் நாலு மூலையிலும் தேடினார். பக்கத்து நாற்காலி இளைஞர் திரையைப் பார்க்காமலே அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டில் பதினோரு விளக்கு எரிந்துவிட்டது. எல்லாரும் எரியாத விளக்கையே பார்த்தார்கள். எப்படியும் நம்ம ஆளைப் பார்த்தாச்சு, நமக்கு எதுக்கு ஊர் வம்பு என்று தையற்காரர் நினைத்தார். மனமார என்ற பட்டன்தான் பெரிதாக இருந்தது. அதையே அமுக்கினார்.

சுவரில் 0 வந்தது.

டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கும்போது பெரிய டாக்டர் தையற்காரரைத் தன் பக்கத்தில் நிறுத்தித் தோளில் கை போட்டுக்கொண்டார். "வைத்தியம் பாக்கறதுக்கு ஆயிரம் பேர் கிடைப்பாங்க. வரிசைய ஜீரோவாக்கறதுக்கு உங்கள மாதிரி ஒரு ஆள் வேணும்," என்றார். வெளியே போகிற வழியில், மீட்டிங் எப்படி இருந்தது என்று கேட்டு ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் மூன்று சிரித்த முகங்கள். தையற்காரர் நடுவிலிருந்ததைத் தொட்டுவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து தன் போனை எடுத்தார். மச்சினன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தான். டாக்டர் பார்த்தாச்சு என்று சொல்லத்தான் அடித்திருப்பான், பாவம், என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே படி இறங்கினார்.

கீழே வெளிநோயாளிகள் கூடம் காலியாக இருந்தது. பெஞ்சுகள் இருந்த இடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கவுன்டரில் ஒரு நர்ஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர், காலையில மூச்சு வாங்குதுன்னு ஒரு அம்மா வந்தாங்களே. முதல்ல கூப்பிட்டுப் பாத்தாங்களே, எந்த ரூம்ல இருக்காங்க?"

"யாரு பாத்தா?"

"பயிற்சி டாக்டர்."

"அவர் எங்க சார் இருந்தார் இங்க? அவரையும்தான் மீட்டிங்குக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களே." நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. "தூணுக்குப் பின்னாடி போய்ப் பாருங்க சார்."

தூணுக்குப் பின்னால் ஒரு ஸ்ட்ரெச்சரில் அவளை வைத்திருந்தார்கள். வரிசையைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து யாரோ தள்ளி விட்டிருந்தார்கள். முகத்தில் மச்சினனின் துண்டு. மச்சினன் கீழே, ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அழுது முடித்த முகம்.

தையற்காரர் துண்டை விலக்கிப் பார்த்தார். கையைத் தொட்டார். காலையில் பட்டன் போட்டபோது இருந்ததைவிடச் சில்லென்று இருந்தது. ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க போயி கொஞ்ச நேரத்துலயே, மாமா. சாஞ்சிட்டா. டோக்கன் எழுதற சிஸ்டர்தான் ஓடி வந்து கையப் பிடிச்சுப் பாத்துது. போயிடுச்சுன்னு சொல்லிட்டு டோக்கன ரத்து பண்ண எடுத்துட்டுப் போச்சு. எனக்கு நம்பிக்கை வரல. ஒரு டாக்டர் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு உங்களுக்கு அடிச்சேன், அடிச்சேன், நீங்க எடுக்கல. மேலயே வந்துட்டேன் மாமா. கதவுல நின்னவன் விடல. உள்ள யோசிக்கிறாங்க, கத்தாதன்னான்." மச்சினன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வண்டிய எடுத்துட்டு வந்து அக்காவ வீட்டுக்குக் கொண்டு போலாம்னா இப்ப கேட்டையும் மூடிட்டானுங்க. யாருக்காகவும் திறக்கக் கூடாதாம். மேல எவனோ யோசனை சொன்னானாம்."

தையற்காரர் துண்டை மறுபடி அவள் முகத்தில் போட்டார்.

"கதவுகிட்ட நான் நிக்கிறப்பதான் மாமா உள்ள கைதட்டுனாங்க. இங்க என் அக்கா செத்துக் கிடக்கா, அங்க கைதட்டுறானுங்க. மத்தவங்ககூட நிறுத்திட்டாங்க. ஒருத்தன் மட்டும் விடாம, தனியா, தட்டிக்கிட்டே இருந்தான். எனக்கு அது இன்னும் காதுலயே இருக்கு. நீங்க உள்ளதான இருந்தீங்க? யாரு மாமா அவன்?"

"தெரியல மாப்ள," என்றார் தையற்காரர்.